முக்காலிக்குப் போன அரசாணிக்கால்

எங்கள் தெருவில் மரத்தால் ஆன எந்தப் பொருள் காணாமல் போனாலும், தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் தெருக்கோடியில் இருந்த ஸ்டூல்காரர் வீடுதான். வேலிக் கழி, நுகத்தடி, ஏணிப் படி, எதுவானாலும் சரி. அங்கே போய், அவர் செய்து அடுக்கியிருக்கும் முக்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கால்களைத் தடவிப் பார்ப்பார்கள். அவர் தடுத்ததில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "நல்லாப் பாருங்க. உங்க ஊட்டு மரமா இருந்தா உங்களப் பார்த்ததும் கத்தும்" என்பார். எதுவும் கத்தியதில்லை. ஆனாலும் அடுத்த முறையும் அங்கேதான் போனார்கள்.

அது இரண்டாம் உலக யுத்த காலம். திண்டிவனத்தில் அடுப்பெரிக்கவே விறகு கிடைப்பது கஷ்டமாக இருந்தது. பெட்ரோல் இல்லாததால் பஸ்களின் பின்புறத்தில் பீப்பாய் போன்ற ஓர் உலையை மாட்டி, அதில் கரியை எரித்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். சுற்றுவட்டாரத்து மரமெல்லாம் கரியாகிப் பஸ்ஸுக்குப் போனது. அப்படிப்பட்ட நாளில் ஒருவர் கையில் மட்டும் மரம் தீராமல் இருந்தால் சந்தேகம் வராமல் இருக்குமா? எனக்கும் வந்தது. நான் அப்போது ஒரு சென்னைப் பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். எதிர் வீடு என்பதால், அவர் வேலை செய்வது என் ஜன்னலிலிருந்தே தெரியும். மரம் எங்கே கிடைத்தது என்று கேட்டால், "கிடக்கறதுதான் சார்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அதற்கு முன்பு அவர் வண்டிக்காரர். மாடுகள் நோயில் செத்த பிறகு வண்டியை விற்கப் பார்த்தார். வாங்க ஆள் வரவில்லை. பிரித்துவிட்டார். சக்கரத்தின் ஆரக்கால்கள் முக்காலிக் கால்களாயின. வண்டியின் அடிப்பலகை உட்காரும் பலகையாயிற்று. டீக்கடைக்கும், பஸ் நிற்கும் இடத்துக் காபி கிளப்புக்கும் அந்த ஒரு வண்டியே துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தது. வண்டி தீர்ந்ததும் வெளியே பொறுக்க ஆரம்பித்தார். ஏரிக்கரையில் காய்ந்த கருவேலங்கிளை, முறிந்த ஏர், இடிந்த வீட்டின் நிலைச்சட்டம், காற்றில் சாய்ந்த வேம்பு என்று எது கண்ணில் பட்டாலும் தோளில் ஏறும்.

இழைத்து மழமழப்பாக்குவது அவர் வழக்கம் இல்லை. பட்டையை அரிவாளால் சீவுவார், வளைந்த கிளையை வளைந்தபடியே விடுவார். துளை போடுவதற்கு ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பலகையில் வைத்து அழுத்துவார். அதனால் அவர் முக்காலிகளின் துளைகள் கரிந்த விளிம்போடு இருக்கும். பலகை சற்று ஈரமாக இருந்தாலும் எடுத்துக்கொள்வார், ஆனால் கால் மட்டும் எலும்பு போல உலர்ந்திருக்க வேண்டும். பலகை காயும்போது துளை இறுகிக் காலைக் கவ்விக்கொள்ளும். பச்சைக் கால் போட்டால் அது வற்றி மெலிந்து கழன்று விழும். இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கிளைகள் கூரைமேல் மாதக்கணக்கில் கிடந்து காய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது.

அவர் வீட்டுக்குப் பின்வேலியை ஒட்டி ஒரு வீடு. கணவனை இழந்த ஓர் அம்மாள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போடக் கொஞ்சம் நிலம், ஒரே மகள். அந்த வருஷம் வைகாசியில் மகளை விழுப்புரத்தில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. மாமனார் ஸ்டேஷன் பக்கத்தில் கரிக் கொட்டகை வைத்து, பஸ்களுக்குக் கரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தில் மணமக்கள் மூன்று முறை சுற்றிவரும் அரசாணிக்காலை எங்கள் பக்கத்தில் முள்முருங்கைக் கிளையில் நடுவார்கள். சடங்கு முடிந்ததும் அதைப் பிடுங்கிப் பெண் வீட்டுக் கிணற்றடியில் ஊன்றுவார்கள். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. முள்முருங்கை எங்கே ஊன்றினாலும் துளிர்க்கிற மரம். நம்பிக்கை பொய்க்கக் கூடாது என்றுதான் அந்த மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆடி பிறந்ததும், புதுப்பெண் தாய் வீட்டில் இருக்க வேண்டிய மாதம் என்பதால், மகள் திண்டிவனம் வந்தாள். ஆவணியில் அவளை அழைத்துப்போக மாமனார் வந்தார். கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். குரல் உயர்ந்ததும் அக்கம்பக்கத்தார் கூடினோம்.

"சம்மந்தியம்மா, இங்க ஊனின காலு எங்க?"

அந்த அம்மாள் கிணற்றைப் பார்த்தாள், பிறகு வேலியைப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் இங்கதான இருந்துது!"

"நேத்து இருந்துதுன்னா பள்ளமாவது புதுசா இருக்கணுமே. புல்லு மொளச்சிக் கெடக்குது."

"யாரோ புடுங்கிக்கினு போயிட்டாங்க. இந்தத் தெருவுல கழி, கம்பு ஒண்ணு தங்குதா? கேட்டுப் பாருங்க."

"நான் யாரக் கேக்கறது? எங்க ஊட்டுல அவ என்னைக் கேட்டா இன்னான்னு சொல்றது? காலு கெடைக்கட்டும். அப்புறம் வர்றேன்."

வைத்த மோரைக் குடிக்காமல் போனார். மூட்டை கட்டித் தயாராக இருந்த பெண் கதவோரம் நின்றவள், மூட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

அம்மாள் நேராக ஸ்டூல்காரர் வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே தெருவும் வந்தது.

"யோவ், எம் பொண்ணு வாழ்க்கையையா ஸ்டூலு பண்ணிட்டே?"

"யக்கா, முள்முருங்கையில காலு போட்டா, உக்கார்றவன் எந்திரிக்கும்போது காலும் கூடவே எந்திரிச்சி வந்துடும். அத எவன் திருடுவான்?"

"தெருவுல எது போனாலும் உன் ஊட்டுலதான இருக்குது!"

"இருந்துதுன்னு ஒரு தபா காட்டு. ஒரே ஒரு தபா!"

வழக்கம்போல முக்காலிகள் கவிழ்ந்தன. முள்முருங்கைக் கால் எதிலும் இல்லை. "எங்கியாவது அமுக்கியிருப்பான்" என்று ஒருவர் சொல்ல, அதுவே தீர்ப்பாகி எல்லோரும் கலைந்தார்கள். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. பொருளைத் தேடுகிறவர்கள் முக்காலியின் கால்களைப் பார்ப்பார்கள். அந்த அம்மாள் ஒன்றைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. கத்திக்கொண்டே எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு விழுப்புரத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது கரிக் கொட்டகைப் பக்கம் நடந்தேன். மாமனார் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். தலைத்துண்டு, மீசை, காது மடல் எல்லாம் கரித்தூள்.

"வாங்க சார். உங்க தெருவுல திருடன் ஜாஸ்தி போலிருக்குது."

"ஒரு கிளைக்காகவா பெண்ணை விட்டுவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எனக்குக் காலும் வேணாம் கையும் வேணாம் சார். ஊட்டுல அவ புடிச்ச புடியில நிக்கறா. வளவனூர்ல அவ தம்பி பொண்ணு ஒண்ணு இருக்குது. மொதல்லயே அதத்தான் கட்டணும்னா. நான்தான் பேசி இந்தப் பொண்ண முடிச்சேன். இப்ப 'காலே நிக்கல, குடும்பம் எங்க நிக்கும்'னு கேக்கறா. ஆவணி தாண்டிட்டா எம் பேச்சு எடுபடாது. வளவனூர்ப் பொண்ணக் கொண்டாந்து ஊட்டுல வச்சிடுவா. பேஜாரு சார்."

"உங்கள் பிள்ளை என்ன சொல்கிறார்?"

"அவனா? அவங்க ஆத்தா சோறு போட்டா துன்றான்."

வீட்டில் இருக்கும் மனைவிமேல் பழியைப் போட்டுப் பேசும் ஆண்களை நான் சுலபத்தில் நம்புவதில்லை. அந்த வளவனூர்ப் பெண்ணை மருமகளாகக் கொண்டுவர இவருக்கே ஆசையிருக்குமோ என்று யோசித்தபடியே ஊர் திரும்பினேன். கேட்டதைக் கேட்டபடி பெண்ணின் தாயிடம் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஆவணி என்னிக்கு முடியுது?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம், வெயிலில் தெருவே கதவைச் சாத்தியிருந்த நேரம், அந்த அம்மாள் ஸ்டூல்காரர் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். அவரைத் திருடன் என்று கத்திய அதே வாசல். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். மறுநாள் காலையில் அவர் அரிவாளும் கோணியுமாக மயிலம் ரோட்டில் போனார். திரும்பும்போது கோணி நீளமாக, விறைப்பாக இருந்தது. அன்று கம்பி காய்ச்சிய புகை வந்தது. சுத்தியல் சத்தமும் கேட்டது. ஆனால் வாசல் அடுக்கில் புது முக்காலி எதுவும் சேரவில்லை.

பிறகு மாலை மழைகள் வந்தன. ஒருநாள் காலை ஸ்டூல்காரர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து தெரு நடுவில் வைத்தார். இரண்டு கால்கள் கருவேலம். மூன்றாவது கால் முள்முருங்கை. அதன் மேல்பாகத்தில், பலகைக்குச் சற்றுக் கீழே, மூன்று இலையாகப் பிரிந்த ஒரு துளிர் நின்றது.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "ஆடியில புடுங்கினேன். ஒரு காலு கொறைஞ்சிது, செருகிட்டேன். தண்ணிப் பானை வச்சிருந்தேன் இதும்மேல. பாருங்க, தழைஞ்சிக்கினு நிக்குது."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அட பாவி, கல்யாணக் காலும்மேல பானைய வச்சியா?"

"அன்னிக்கு இல்லேன்னு சத்தியம் பண்ணியேடா!"

"சத்தியம் எங்கடா பண்ணேன்? பீடிதான குடிச்சேன்."

ஆனால் கோபம் நீடிக்கவில்லை. பிடுங்கி, சீவி, பலகையில் செருகி, மேலே பானையை வைத்தும் துளிர்த்த கால் சாதாரணக் கால் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது காலுக்கு மட்டும் மஞ்சளும் குங்குமமும் ஏறின. கருவேலங்கால்கள் இரண்டும் சும்மா நின்றன. திருட்டு உறுதியாகிவிட்டதில் தெருவுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. இத்தனை காலச் சந்தேகம் வீண் போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நான் உட்கார்ந்து பார்த்தேன். கால் பச்சை. துளையின் கரிந்த விளிம்பில் சாறு கசிந்து காய்ந்த தடம். பச்சைக் கால் போடாத மனிதர் ஏன் பச்சைக் கால் போட்டார்? ஆடியில் பிடுங்கியது ஆவணியில் எப்படி இவ்வளவு ஈரமாக இருக்கிறது? அன்று மாலை மயிலம் ரோட்டில் நடந்தேன். ஒரு வெற்றிலைத் தோட்டத்து வேலியில், முள்முருங்கை ஒன்றில் கிளை வெட்டிய வாய் இன்னும் வெளுப்பாக இருந்தது. திரும்பியதும் அவர் வீட்டுக்குள்ளேயே போய்க் கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "பழைய காலு காஞ்சி போச்சி சார். கெணத்தடியில சோப்புத் தண்ணி, சாம்பத் தண்ணி எல்லாம் அங்கதான ஓடுது. அழுவிப் போச்சி. காஞ்ச காலச் சம்மந்தி பார்த்தா பொண்ண வெச்சிக்க மாட்டாங்கன்னு பயந்து, அந்தம்மாவே புடுங்கி வெந்நி அடுப்புல வச்சிட்டாங்க. வேலிக்கு இந்தாண்டயிருந்து நான் பார்த்தேன்."

"பார்த்தும் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா அந்தப் பொண்ணு கதி?"

"அதற்காகத் திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டாயா?"

"அந்தப் பேரு எங்கிட்ட முன்னாடியே இருக்குது சார். புதுசா இன்னாத்த வாங்கினேன்?"

பெரிய மனது என்று நினைத்தபடி எழுந்தேன். அப்போதுதான் சுவரில் சாய்த்திருந்த பலகை கண்ணில் பட்டது. மஞ்சள் ஓடிய பழைய பலாக்கதவு, மூன்று விரல் கனம். அந்த அம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நான் பலமுறை பார்த்த கதவு. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"இது எங்கே கிடைத்தது?"

"கிடக்கறதுதான் சார்."

கதவை அந்த அம்மாள் தானாகக் கொடுத்தாளா, இவர் கேட்டு வாங்கினாரா, கேட்ட விதம் எப்படி என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவளிடம் அதைக் கேட்கப் போகவில்லை. விழுப்புரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டாள் என்று தெரிந்தது. ஆவணியில் சில நாட்களே மீதி இருந்தன.

மாமனார் வந்தார். முக்காலியைக் கூடத்தில், வெளிச்சம் விழும் இடத்தில் வைத்திருந்தார்கள். ஸ்டூல்காரரை வாசற்படியில் நிறுத்தியிருந்தார்கள். நானும் இன்னும் சிலரும் வாசலில் நின்றோம். தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரி வியாபாரி தினமும் மரம் வாங்குகிறவர். வண்டி வண்டியாக விறகைக் கண்ணாலேயே எடைபோடுகிறவர். அவர் துளிரைப் பார்க்கவில்லை. முக்காலியைக் கவிழ்த்தார். பலகையில் கால் செருகிய இடத்தைத் தடவினார். காலில் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் இறங்கியது. விரலை மோந்து பார்த்தார்.

"எப்ப புடுங்கினே?"

"ஆடி பொறந்ததும்ங்க" என்றார் ஸ்டூல்காரர்.

"ஆடியில புடுங்கினது இப்பவும் வாழைத்தண்டு கணக்கா இருக்குதே."

"மேல பானை இருந்துதுங்க. சொட்டிக்கினே இருந்துது."

"சொட்டின தண்ணி காலுக்குள்ள பூந்துடுச்சா?"

 தாய் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் அவளே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. மாமனாரும் அதைக் கண்டிருக்க வேண்டும். அவளை விட்டுவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. சுத்தி வந்தவ நீதான. இது அந்தக் காலுதானா?"

பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. பொய் சொன்னால் அவர் கண்டுபிடிப்பார். உண்மையைச் சொன்னால் அவள் தாய் பொய்க்காரி ஆவாள், வளவனூர்ப் பெண் விழுப்புரம் போவாள். அவள் முக்காலியைப் பார்க்காமல் மாமனாரையே பார்த்தாள்.

"மாமா, குனிஞ்ச தல நிமிராதடின்னு அத்தை பின்னாலயே சொல்லிக்கினு வந்தாங்க. நானும் நிமிரல. சுத்தி வந்தப்ப நான் பார்த்த காலு ஒண்ணுதான். முன்னாடி நடந்த உங்க புள்ளை காலு. அதக் கொண்டாங்க, அடையாளம் சொல்றேன். மரத்துக் காலக் கேட்டா நான் எங்க போவேன்?"

மாமனார் சிரித்துவிட்டார். முதலில் மீசை அசைந்தது, பிறகு வயிறு குலுங்கியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் ஸ்டூல்காரரை ஒருமுறை, சம்மந்தியம்மாளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்திருந்தது என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

"கெளம்பும்மா, ஜல்தி. பஸ்ஸு போயிடும். அந்த முக்காலியையும் எடுத்துக்க."

எனக்கும் அன்று விழுப்புரத்தில் வேலை இருந்தது. அதே பஸ்ஸில் ஏறினேன். இடமில்லை. மாமனாருக்கு மட்டும், கரி கொடுக்கிறவர் என்பதால், பின்வரிசையில் உலைக்குப் பக்கத்தில் இடம் விட்டார்கள். அது யாரும் விரும்பாத இடம். சூடு தகிக்கும். மருமகள் அவர் பக்கத்தில், முக்காலியைத் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துளிர் ஜன்னல் பக்கம் இருந்தது. உலைச் சூட்டில் அது சீக்கிரமே துவளத் தொடங்கியது. அவள் கையை விரித்து மறைத்துப் பார்த்தாள்.

கூடையோடு நின்றிருந்த ஒரு வயதான அம்மா குனிந்து கேட்டாள். "யம்மா, மடியில இன்னாத்துக்கு சொமக்கறே? கீழ போடு, நான் உக்காந்துக்கறேன். காலு கடுக்குது."

"இது உக்கார்றதுக்கு இல்லீங்க" என்றாள் பெண்.

"உக்கார்றதுக்கு இல்லாத ஸ்டூலு வேற எதுக்குடியம்மா?"

 மாமனார் ஜன்னலைப் பார்த்தபடியே, "காட்டறதுக்கு" என்றார். பிறகு தானே எழுந்து, அந்த அம்மாவைத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  

விக்கிரவாண்டியில் உலையைக் கிளறுவதற்காகப் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினோம். பெண் முக்காலியோடு ரோட்டோரக் கைப்பம்புக்குப் போய், துணி ஒன்றைக் கிழித்து நனைத்து, துளிருக்குக் கீழே காலைச் சுற்றிக் கட்டினாள். துவண்ட இலைகளில் ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். மீதி இரண்டும் இன்னும் பச்சையாக இருந்தன. பஸ் புறப்படும் சத்தம் கேட்டதும் மாமனார் அவளிடம் வந்து, தன் தலைத்துண்டை அவிழ்த்து முக்காலிமேல் நிழலாகப் போட்டார்.

"முன்னாடி சீட்டுல போய் உக்காரு. டிரைவர்கிட்ட நான் சொல்றேன். உங்க அத்தை பார்க்கற வரைக்கும் வாடக்கூடாது."